படுக்கை சைக்கிளில் திண்டிவனம் வரை

இடுப்பில் ஒரு டிஸ்க் நகர்ந்த பிறகு, முன்னால் குனிந்து ஓட்டும் எந்த சைக்கிளையும் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, அலுவலகத் தோழி ஒருத்தி தன் அண்ணனிடம் ஒரு படுக்கை சைக்கிள் இருப்பதாகச் சொன்னாள். அவர் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் வேலை பார்த்தபோது வாங்கி, கழற்றிப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தது. சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்து, முன்னால் நீட்டிய கால்களால் மிதிக்க வேண்டும். பெடல் இருக்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். இடுப்பில் பாரம் விழாது. எனக்கு மிச்சமிருந்த ஒரே சைக்கிள் அதுதான்.

அவர் ஒரு மாதத்தில் மறுபடி துபாய் போக இருந்தார்.

"எடுத்துக்கினு போம்மா. விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் போய்ட்டு வா. கால் மரத்துப் போவாம வந்தீன்னா உங்கிட்டயே இருக்கட்டும். இல்லாங்காட்டி சென்னையில ஒருத்தர் கேட்டுக்கினே கீறாரு, அவருக்கு அனுப்பிடுவேன். உன் வீட்லயும் மூலையில நிக்கிறதுக்கு நான் தர்றதா இல்ல" என்றார்.

நான் இயந்திரவியல் படித்தவள். உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்: போக வர எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே நாள். மூன்று ஞாயிறு ஒத்திகை, நான்காவதில் முடிவு.

முதல் ஞாயிறு விக்கிரவாண்டி தாண்டியதும் கால்விரல்கள் கூசின, பிறகு எரிந்தன, பிறகு இல்லாமல் போயின. சாலையோர டீக்கடையில் நிறுத்தி, இறங்கி, தரையைக் காலால் தேடி நின்றேன். கடைக்கார அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே பார்த்தார்.

"இன்னாம்மா, பல்லு டாக்டரு சேர்ல சக்கரம் மாட்டிக்கினு வந்துட்டியா?"

"இடுப்பு வலிங்க. சாதா சைக்கிள் ஓட்டக் கூடாது."

"இடுப்புக்கோசரம் கால விட்டுட்டியே" என்றார். டீயை ஆற்றித் தந்தார்.

திண்டிவனம் போய், நான்கு இடத்தில் நிறுத்தி, உச்சி வெயிலில் திரும்பினேன். மற்ற சைக்கிள்காரர்களுக்குப் பிடரி கறுக்கும். எனக்கு முகவாய்க்கு அடியில், முட்டிச் சில்லில், கணுக்கால் வரை முன்னங்காலில் தோல் சிவந்து எரிந்தது. அரைக்கால் டிராயரோடு போனது என் தவறு. அம்மா தயிரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "முட்டிக்கு மேல ஒருத்தி, கீழ ஒருத்தியா இருக்க. எந்த ஒருத்திக்கு மாப்பிள்ள பாக்கறது?" என்றாள்.

நோட்டில் இரண்டு பட்டியல் தொடங்கினேன். ஒன்று கால், மற்றது வெயில். நடுவில் பத்துப் பக்கம் இடம் விட்டேன், இரண்டும் வளரும் என்ற கணிப்பில்.

இரண்டாவது ஞாயிறு முட்டி வரை தடித்த காலுறை. வெயில் பக்கத்தில் 'தேறியது' என்று எழுதினேன். கால் பக்கத்தில், மரத்தது முன்னைவிட ஐந்து கிலோமீட்டர் முன்னதாக என்று எழுதினேன். மூன்றாவது ஞாயிறு ஷூவையே விட்டு, வார் வைத்த செருப்பு. கால் கூடுதல் தூரம் தாங்கியது. புறங்காலில் வெயில் பட்டை பட்டையாகச் சுட்டது. களிம்பு தடவியது வியர்வையில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இவற்றையும் அவற்றின் பக்கங்களில் தனித்தனியே எழுதினேன். ஒன்றுக்கு மருந்தாகச் செய்வதெல்லாம் மற்றதைக் கெடுக்கிறது என்பது, இரண்டு பக்கங்களையும் கிழித்து அருகருகே வைத்த பிறகுதான் தெரிந்தது. அலுவலகத்தில் இப்படி ஒரு தவறை வேறு யாராவது செய்திருந்தால் நான்தான் முதலில் சுட்டிக்காட்டியிருப்பேன்.

மூன்றாவது ஞாயிறு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே டீக்கடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தேன். கடைக்கார அம்மா ஒரு செருப்பைக் காலால் புரட்டினார். உள்தட்டில் விரல்கள் இருந்த இடத்தில் ஐந்து பள்ளம்.

"பஸ்ல கம்பி புடிக்கிற மாரி செருப்பப் புடிச்சிக்கினு வந்திருக்க. உட்டா ஓடிடுமா அது?"

ஓடிவிடும் என்பதுதான் விஷயம். உயரத்தில் இருக்கும் பெடலிலிருந்து பாதம் கீழே வழுக்கும். வழுக்காமல் இருக்க, எனக்கே தெரியாமல் விரல்களால் கவ்விக்கொண்டிருந்தேன். பாதத்தின் பாரத்தைக் குதிகால் தாங்கினால் விரல் கவ்வ வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஒரு அலுமினியத் தாங்கி வரைந்தேன். பெடலுக்குப் பின்னால் திருகி மாட்ட, குதிகாலுக்கு ஒரு கிண்ணம். வெல்டிங் பட்டறையில் இரண்டு செய்து தந்தார்கள். ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன். தடித்த காலுறைக்குப் பதில் தொளதொளவென்று பருத்திக் கால்சட்டை.

மிச்சம் வெயில். சாலையை ஒரு அம்பாகத் தாளில் போட்டுப் பார்த்தேன். திண்டிவனம் விழுப்புரத்துக்கு வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து இருக்கிறது. காலையில் போனால் சூரியன் வலது முன்பக்கம். மத்தியானம் திரும்பினால் நேர் எதிரே, நீட்டிய கால்மேல். மத்தியானத்துக்கு மேல் போய்க் காலையில் திரும்பினால் இரண்டு முறையும் அது முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் போய்விடும். ஆனால் 'ஒரே நாள்' என்று நோட்டில் இருந்தது. அந்த வரியை வெகுநேரம் பார்த்தேன். பிறகு கோட்டக்குப்பத்துக்குப் போன் செய்தேன்.

"நடுவுல ஒரு ராத்திரி திண்டிவனத்துல தூங்கலாமாண்ணா?"

"தூங்காம வான்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அவர் சொல்லவே இல்லை. அந்த வரி என்னுடையது.

நான்காவது வாரம் சனிக்கிழமை மூன்றரைக்குக் கிளம்பி, சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் வெயில் ஏறியது, காலில் படவில்லை. விக்கிரவாண்டியில் டீக்கடை அம்மா கையை ஆட்டினார், நான் நிற்கவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டியதும் இடது சுண்டுவிரல் காணாமல் போனது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. வீட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருந்தது. ஒரு சுண்டுவிரலை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று அந்தத் தூரம் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

பத்து மணிக்குக் கோட்டக்குப்பத்து அண்ணனே கூப்பிட்டார். பின்னால் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

"மரத்துச்சா?"

"இடது கால் சுண்டுவிரல். முண்டியம்பாக்கத்துக்கு அப்புறம்."

டேப் சத்தம் நின்றது.

"மத்த நாலும்?"

"இருந்துச்சுண்ணா."

"எனக்கு ரெண்டு கால்லயும் அஞ்சும் பூடும். அதான் நாலு வருசமா மூலையில கெடந்துச்சு. நீயே வச்சிக்க. இன்னாவோ குதிகாலுக்குச் செஞ்சியாமே, தங்கச்சி சொல்லுச்சு. அத வரைஞ்சி அனுப்பு. அங்க போயி இன்னொரு வண்டி பாக்கறேன்."

அன்று மாலை அளவுகளோடு வரைபடத்தை அனுப்பினேன். அவர் பாதத்தின் நீளத்தைக் கேட்காமல் என் அளவையே போட்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டுக் கேட்டு, திருத்தி அனுப்பினேன்.