பத்தாம் வகுப்பில் விடுபட்ட ஒரு தாய்

செத்தவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. போன நவம்பரில்தான் அதைக் கண்டேன். இன்னும் மனம் ஆறவில்லை.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு நவம்பர் இறந்தவர்களின் மாதம். பள்ளிக்கூடச் சிற்றாலயத்தில் அவர்களுக்காக ஒரு பூசை நடக்கும். பிள்ளைகள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தருவார்கள். பாதர் வகுப்பு வகுப்பாக வாசிப்பார். நான் வகுப்பாசிரியையாக இருக்கும் பத்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அவர்களும் பூசைக்கு வருவார்கள், பாடுவார்கள். எங்கள் செபங்கள் எங்கள் பிள்ளைகளைவிட அவர்களுக்கு நல்ல பாடம். ஆகவே, "விரும்பின ஆக்கள் எல்லாரும் எழுதித் தாங்கோ" என்றுதான் வகுப்பில் சொன்னேன்.

மருதனார்மடத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சைவப் பிள்ளை தன் தாயின் பெயரைத் தந்தாள். தாய் அந்த வருடம்தான் புற்றுநோயில் போனவர். தகப்பன் தோட்டக்காரர். எங்கள் பள்ளிக்கூடத் திருநாளுக்கு வருடாவருடம் குலையோடு வாழை கொண்டுவந்து வாசலில் கட்டுகிறவர் அவர்தான்.

பூசையில் பாதர் வாசிக்கத் தொடங்கினார். முதலில், எங்களில் ஒருவருக்கும் முகம் தெரியாத பழைய உபகாரிகளின் பெயர்கள், பட்டங்கள் ஒன்றும் விடாமல். பிறகு வகுப்புகள். பத்தாம் வகுப்பு வந்ததும் அவள் நிமிர்ந்து இருந்தாள். ஒருத்தியின் அம்மப்பா, இன்னொருத்தியின் கனடா மாமா என்று வாசித்துக்கொண்டு போனவர், பதினோராம் வகுப்புக்குத் தாவிவிட்டார். அடுத்த பெயராக இருக்கும், அடுத்த பெயராக இருக்கும் என்று அவள் கடைசிவரை நிமிர்ந்தபடியே இருந்தாள்.

பூசை முடிந்த கையோடு பள்ளிக்கூட அதிபரான சிஸ்டரிடம் போனேன். சைவப் பிள்ளைகள் தந்த பெயர்களைத் தான்தான் வெட்டியதாகச் சொன்னார், கொஞ்சமும் கூசாமல்.

"மதம் மாத்தப் பாக்கினம் எண்டு தாய் தேப்பன் வந்து சண்டைக்கு நிண்டா ஆர் ரீச்சர் பதில் சொல்லுறது? பிறகு பேப்பரிலையும் போடுவாங்கள்."

அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. எதையாவது பிடித்துச் சமயச் சண்டை மூட்ட இப்போது ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்த மனிதர் வாழையைக் கட்டும்போது வராத பயம் அவர் மனைவியின் பெயரை வாசிக்க மட்டும் எங்கிருந்து வருகிறது? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கடவுளின் இரக்கத்துக்கு எங்களை யார் காவல் வைத்தது?

அடுத்த நாள் இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், அம்மாவின்ரை பேர் துலைஞ்சு போச்சோ? அப்பாதான் வடிவா எழுதித் தந்தவர். இல்லாட்டி, எங்கடை ஆக்களுக்கு வாசிக்கிறேல்லையோ?"

தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை.

"துலையேல்லைப் பிள்ளை. வாசிக்காமல் விட்டது பிழை. நாளைக்குக் காலமைச் செபம் எங்கடை வகுப்பு. அம்மாவின்ரை பேரை நான் சொல்லட்டோ?"

"ஓம் ரீச்சர்," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை ஒலிவாங்கியில் அந்தத் தாயின் பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். முற்றத்தில் நின்ற பிள்ளைகள், சைவம் கத்தோலிக்கம் என்றில்லாமல், இறந்தவர்களுக்கான செபத்தை ஒரே குரலில் சொன்னார்கள். முன்வரிசையில் அவளும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சிஸ்டரின் உதடுகளும் அசைந்தன.

முதற்பாடம் தொடங்குமுன் சிஸ்டர் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"ஆரிட்டைக் கேட்டு அந்தப் பேரை வாசிச்சனீங்கள்?"

"அவவின்ரை மகளிட்டைக் கேட்டனான், சிஸ்டர். நீங்கள் ஆரிட்டைக் கேட்டு வெட்டினனீங்கள்?"