முன்னறையில் இருத்தாத விருந்தாளி

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில் நான் வீட்டுவேலை செய்த கட்டடத்திலேயே, மேல்மாடியில் ஓர் இந்தோனேசியப் பெண்ணும் வேலை செய்தாள். ஒரு குளிர்கால வியாழக்கிழமை, எங்களுக்கு ஓய்வான பின்னேரம், ஒரேத்தோப் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். முன்னறையில் சோபா இருந்தது. அவளோ என்னை நேரே குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினாள். எனக்குச் சுரீரென்றது. கிழமை முழுக்க எசமானி சிஞ்ஞோராவின் குசினியில் நிற்கிறேன். லீவு நாளிலும் குசினியா?

என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அரைகுறை இத்தாலியனில் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். மலைச்சரிவு முழுக்க உருளைக்கிழங்குத் தோட்டமும் கோவாத் தோட்டமும்தானாம். சில விடியற்காலைகளில் இலைகளில் பனி உறைந்து கிடக்குமாம். வீட்டில் நெருப்பு என்றால் அடுப்பு ஒன்றுதான். அதனால் முன்னறை அதிகாரிகளுக்கு, வேண்டியவர்களுக்கு அடுப்படி.

அடுத்த வியாழன் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டேன். என் கணவர் எட்டிப்பார்த்தார்.

"வந்த ஆளை ஏன் குசினிக்கை இருத்தி வைச்சிருக்கிறாய்? முன்னுக்குக் கூட்டிக்கொண்டு வா."

"முன்னுக்கு இருக்க இவ என்ன வெளியாளோ?" என்றேன்.