மேம்பாலத்தின் அடியில் ஒரு கட்டில்

அடுகோடிப் பகுதியில் மழை பிடித்துக்கொள்ள, மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறேன். யாரும் படுத்துவிடக் கூடாதென்று தரை முழுக்கக் கூரான கற்களைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேலேயே சாரப் பலகைகளைப் பரப்பி ஒருவர் படுத்திருக்கிறார். காலில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் மனைவி செல்வி வெங்காயம் நறுக்குகிறார். இருவருக்கும் கட்டட வேலை.

“சாரத்துலேர்ந்து விழுந்துட்டார் சார். வாடகை நின்னுச்சு, ஓனர் ஜாகா காலி பண்ணச் சொல்லிட்டான். வேற வீடுன்னா பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க.”

“இலவசமா தங்குற எடம் இருக்குதாமே அக்கா?”

“அங்க ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. இவரை யாரு தூக்கி விடுவாங்க? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூம் குடுக்கட்டும், இப்பவே வரேன்.”

சாலையிலிருந்து மழைத்தண்ணீர் உள்ளே பாய்கிறது. நான் பதறிப்போய்ப் பையைத் தூக்கிக்கொள்கிறேன். செல்வி அசையவில்லை. தண்ணீர் கற்களுக்கு நடுவே புகுந்து, பலகைக்கு அடியில் ஓடிவிடுகிறது.

“கல்லு போடறதுக்கு முன்ன மழை வந்தா முழுசா நனைஞ்சிடுவோம்” என்கிறார்.

“இதைப் பார்த்துட்டு இன்னும் பெரிய கல்லா போட்டாங்கன்னா?”

“போடட்டும் சார். கட்டில் இன்னும் கொஞ்சம் ஒசரமாயிடும்.”