புழு தொடாத முதல் தாள்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கண்ணெதிரே கைரேகை வைத்தாலும் இன்னொரு தரம் வை என்பேன். பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்தபோதும் அந்தப் புத்தி கூடவே வந்தது. அதிலும் நான் தேடுவது கிரேக்க நாடகங்களின் ஆரம்பகால அச்சுப் பதிப்புகள். நானூறு, ஐந்நூறு வருடத்துச் சரக்கு. பாதிக்கு எங்காவது ஒட்டுப் போட்டிருப்பார்கள். கிரேக்கம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஏமாறாமல் இருக்க அது போதும் என்று நினைத்திருந்தேன்.

புதுச்சேரியில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் முதலியார்பேட்டையில் இருந்தார். பிரெஞ்சு வாத்தியார், மனைவியை இழந்தவர். எங்களுக்குள் ஏழெட்டு வருடப் பழக்கம். அவரிடம் இருந்த ஒரு நாடகத் தொகுப்பின் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். அலமாரியில் அதன் முதுகைக் காட்டுவார், கையில் மட்டும் தரமாட்டார். போன வருடம் மகனோடு இருக்க பிரான்சுக்கே போவதென்று முடிவானதும், அவராகவே கூப்பிட்டு அதை எனக்குக் கொடுத்தார். இத்தனை நாள் தராதவர் இன்று ஏன் தருகிறார்? வீடு வந்து சேரும்வரை அதே நினைப்பு.

புத்தகம் சேர்க்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகப் புழு தாளைப் பார்த்துப் பார்த்துத் துளைக்காது, நேராகப் போகும். அதனால் ஓட்டையை எண்ணினால் செருகிய தாள் அகப்பட்டுவிடும். எண்ணினேன். அட்டையில் மூன்று. இரண்டாம் தாளிலிருந்து அதே இடத்தில் அதே மூன்று. இடையில் இருந்த முதல் தாளில், அச்சகத்தாரின் பாய்மரக் கப்பல் முத்திரை போட்ட தாளில், ஒன்றுகூட இல்லை. நிறம் வேறு கொஞ்சம் பழுப்பு. ஒட்டிய பசை புதுசு.

அசல் தாளை மகனுக்கு வைத்துக்கொண்டு எதையோ என் தலையில் கட்டிவிட்டார் மனுஷன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தாளுக்குள் ஓடும் கோடுகள் மற்றத் தாள்களோடு ஒத்துப்போயின, ஒரே பட்டறைத் தாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போய், உண்மையான முதல் தாள் எங்கே என்று கேட்டேன். திருடனை விசாரிக்கிற குரலில்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கூச்சப்பட்டார்.

"அவ பொறந்தது தேங்காய்த்திட்டு, கடல் பக்கம். படுத்த படுக்கையா கெடந்தப்ப கடலப் பாக்கணும்னா. தூக்கிட்டுப் போவ முடியல. இந்தக் கப்பல அறுத்து, சட்டம் போட்டு, கட்டிலுக்கு எதிர்ல மாட்டுனேன்."

மனைவி போன பிறகும் எட்டு வருடம் அது சுவரிலேயே இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில்தான் புழு மிச்சப் புத்தகத்தைத் தின்றிருக்கிறது. எனக்கு முழுசாகத் தரவேண்டுமென்று கொடுப்பதற்கு முந்தின மாதம்தான் இறக்கி ஒட்டினாராம். புத்தகத்தை அறுத்தவன் என்று தெரிந்தால் நான் மதிக்கமாட்டேன் என்ற பயத்தில்தான் இத்தனை வருடம் கையில் தரவில்லையாம்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். பிறகு ஈரத்துணி எடுத்துவந்து பசைமேல் வைத்தார். ஊறியதும் மெல்ல உரித்தார். தாள் கிழியாமல் வந்தது.

"இது எங்கூட வரட்டும் சார். மிச்சத்த நீங்க வச்சிக்குங்க."

இப்போது பார்க்க வருகிறவர்கள், முதல் தாளை எவன் திருடினான் என்று கேட்கிறார்கள். யாரும் திருடவில்லை, அவர் கொடுத்தார், எனக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை என்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.