என் அம்மா பயந்தவர் அல்ல

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷங்கள் ஓட்டிவிட்டேன். ரமலான் பிறந்தால், இந்த வருஷம் எழுதி முடிப்பது என்று நிய்யத்து வைப்பேன். பெருநாள் கழிந்ததும், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இது எதற்கு என்று தோன்றிவிடும். மகள்கள் எல்லாரும் இப்போது கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இனிமேல் சொல்ல என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. நான் படித்தது பள்ளிவாசலில் ஓதிய ஓதலும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

ஆம்பூரில் எங்கள் தெருப்பக்கம் வயதானவர்களைக் கேட்டால் என் அம்மாவைப் பற்றி இரண்டு சங்கதி சொல்வார்கள். ஊரில் மவுத்தாகிற, அதாவது இறந்துபோகிற, பெண்களை எல்லாம் குளிப்பாட்டி அனுப்பியவர் என்பார்கள். அப்படிப்பட்டவர் சொந்தச் சிநேகிதி மவுத்தானபோது மட்டும் காய்ச்சலுக்குப் பயந்து, பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார் என்றும் சொல்வார்கள். முதல் சங்கதி உண்மை. இரண்டாவதில் பொய் சொன்னது என் அம்மா இல்லை. நான்.

என் தகப்பனார் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். எனக்குத் தாடி முளைக்கும் முன்பே மவுத்தாகிவிட்டார். அதன்பிறகு அம்மா ஷாப்புக்கு ஆவாரம்பட்டை இடித்துக் கொடுத்து என்னை வளர்த்தார். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுகிற காரியம் அவருடைய மாமியாரிடமிருந்து வந்தது. அதற்கு யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார். ஆள் வந்து கதவைத் தட்டினால் போதும், இடித்துக்கொண்டிருக்கிற உலக்கையை அப்படியே சாத்திவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவார். போகிற வழியில் இலந்தை மரத்தில் இலை பறித்து முந்தானையில் முடிந்துகொள்வார். அந்த இலையைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில்தான் குளிப்பாட்ட வேண்டும்.

உள்ளே நடப்பதை நான் பார்த்ததில்லை, ஆண்கள் பார்க்கவும் கூடாது. ஆனால் அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மையத்தோடு பேசுவாராம். "திரும்பும்மா, கொஞ்சம் வலது பக்கம் திரும்பு. ஆச்சு, ஆச்சு. தண்ணி சூடா இருக்குதா?" என்று உயிரோடு இருக்கிறவரிடம் கேட்பதுபோலக் கேட்பாராம். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போதும் இதே வார்த்தைகள்தான். என் மூத்த மகன் சோப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு அலறுவான். "ஆச்சுடா ராஜா, ஆச்சு, வலது பக்கம் திரும்பு" என்று சொல்லிச் சொல்லியே குளிப்பாட்டி முடிப்பார். பிள்ளைகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் மையத்தின் உடம்பில் என்ன கண்டாலும், அடிபட்ட காயமோ, புண்ணோ, வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு சிநேகிதிதான். பெரிய பள்ளிவாசல் பக்கம் குடியிருந்த உருது பேசுகிற வீட்டு அம்மாள். இருவரும் ஒருவரை ஒருவர் "தோஸ்த்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வயசுப் பையன்கள் மாதிரி கிழவிகள் இருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். அவர்களுக்குள் ஒரு வாக்கு இருந்தது. யார் முதலில் போனாலும் மற்றவர்தான் குளிப்பாட்ட வேண்டும், வேறு கை படக்கூடாது. எங்கள் பக்கத்தில் மனசு ஒன்றான பெண்கள் அப்படி வாக்குக் கொடுத்துக்கொள்வது உண்டு. அதையே இவர்கள் பெரிய வேடிக்கையாக்கி வைத்திருந்தார்கள்.

"நீ முன்னாடி போனா எனக்குத்தான் பேஜார். ஊர்ல இருக்கிற இலந்தை இலை எல்லாம் உன் ஒருத்திக்கே பத்தாது, அவ்ளோ குண்டு" என்பார் அம்மா.

"நீ போனா எனக்கு வேலை கம்மிதான். எலும்பை அலசி எடுத்துனு போய்டுவேன்" என்பார் அந்த அம்மாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மவுத்தைப் பற்றி இப்படியா பேசுவது என்று எழுந்து போய்விடுவேன்.

பெரிய யுத்தம் முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவியது. தோல் ஷாப்பில் குழியில் போட்ட தோல் எடுக்க ஆளில்லாமல் ஊறிக் கெட்டுப்போனது. ஒரே வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்துப் போனார்கள். கபரஸ்தானில் குழி வெட்டுகிறவருக்கு உட்கார நேரமில்லை. அம்மா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது. என் மனைவி பயந்து அழுதாள். நான் அம்மாவைத் தடுத்துப் பார்த்தேன்.

"மையத்து என்னைக் கடிக்குமாடா?" என்று சிரித்தார். அப்படிச் சிரித்தாலும், வெளியே போய்வந்தால் கிணற்றடியில் தலை முழுகி, துணி மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடுவார். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். அது என் கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தும் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்தச் சிநேகிதிக்கும் காய்ச்சல் வந்தது. பேரணாம்பட்டில் கட்டிக் கொடுத்திருந்த மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சூடு இறங்கிடுச்சு, என்னைக் கிண்டல் பண்ற அளவுக்கு ஆய்ட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் காலை அந்த மருமகன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பாய், மாமி போய்ட்டாங்க. என் தோஸ்த்தக் கூப்பிடுன்னு சொல்லினே இருந்தாங்க. அம்மாவக் கையோட கூட்டினு வரச் சொன்னாங்க."

கொல்லையில் அம்மா துணி அலசுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கே காய்ச்சல் பாய். எழுந்திரிக்கவே முடியல" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படியா? அல்லாஹ் ஷிஃபா கொடுப்பான், நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் சொன்ன பொய்க்கு அவர் என் அம்மாவுக்காக துஆ செய்துவிட்டுப் போனார்.

"யாருடா வந்தது?" என்று கிணற்றடியிலிருந்து அம்மா கேட்டார்.

"ஷாப்புலேர்ந்து. வேலைக்குக் கூப்பிடறாங்க."

மதியம் லுஹர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தொழுகை முடிந்து கலிமா சொல்லிக்கொண்டு ஜனாஸா எங்கள் தெரு வழியாக வந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாரு மையத்து?"

சந்தூக்கைச் சுமக்கிறவர்களில் அந்த மருமகனை அம்மாவே பார்த்துவிட்டார்.

"எனக்குச் சொல்லி அனுப்பலையா?"

"அனுப்பினாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கிணற்றடிக்குப் போய் ஒளு செய்து தொழ நின்றார். ஸுஜூதில் வைத்த தலையை அவர் எடுக்காமலே இருக்க, உள்ளே குழந்தை அழுதது. ஸலாம் கொடுத்து முடித்ததும் என் பக்கம் பார்க்காமல், "குழந்தை அழுவுது, போய் தூக்கு" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான், அன்றைக்கும் சரி, அதன்பிறகும் சரி. சாயங்காலம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மவுத்து வீட்டுக்குப் போனார், வாசலிலேயே என்ன சொன்னார்களோ, போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அந்தச் சிநேகிதியின் மகள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைக் காலா, அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டு, அம்மா மடியில் வளர்ந்த பெண். வாசல்படி ஏறாமலே பேசினாள்.

"இன்னா காலா, காய்ச்சல் விட்டுடுச்சா? அன்னிக்குக் கெணத்தடியில துணி அலசினு இருந்தீங்களாமே. பக்கத்து வீட்டம்மா பார்த்தாங்களாம்."

அம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

"குளிப்பாட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் வரல. நானும் எங்க எதிர் வீட்டு அக்காவும் தெரிஞ்சும் தெரியாம தண்ணிய ஊத்தினோம். எங்கம்மா உங்க பேரச் சொல்லினே போனாங்க காலா. பயமா இருந்தா பயம்னு சொல்லி அனுப்பறது. பொய் எதுக்கு?"

நான் முன்கூடத்தில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதோ சொல்லப்போகிறார், என் மகன் செய்த வேலை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஆமாம்மா. பயந்தான். தப்புதான்" என்றார் அம்மா.

என் விரல்கள் மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகு எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. காய்ச்சல் போய், ஊர் பழையபடி ஆனபிறகும் கூப்பிடவில்லை. அம்மா மவுத்து வீடுகளுக்குப் போவார், சுவரோரம் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பழக்கத்தில் எழுந்தபோது, "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொன்னார்களாம். என் மனைவி வந்து சொன்னாள். பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், அவர்களுக்கு கலிமா சொல்லிக்கொடுப்பதும், ரொட்டி சுட்டுப் போடுவதுமாக அம்மா இருந்துவிட்டார். பிள்ளைகளோடு சிரிப்பார். தனியாக இருக்கும்போது சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்படியே வருஷங்கள் போய், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தூக்கத்திலேயே மவுத்தானார்.

எங்கள் வழக்கத்தில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மையத்தின் மகன் எழுந்து நின்று, என் தாய் யாருக்காவது மனம் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று ஜமாஅத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நானும் எழுந்து நின்றேன். தொழுகை வரிசையான ஸஃப்பில் பேரணாம்பட்டு மருமகனும் நின்றிருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு ஆண்டவன் கொடுக்கப்போவதில்லை. அம்மா எதிரே கிடந்தார், ஊரே நின்றது. நான் வழக்கமான வார்த்தைகளை மட்டும் சொன்னேன்.

அந்த மருமகன் எல்லாருக்கும் கேட்க, "அந்த விஷயத்தையும் மாஃப் பண்ணிட்டோம் பாய். எங்க வீட்ல யாருக்கும் மனசுல ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பலபேர் தலையாட்டினார்கள். என் தாய் செய்யாத குற்றத்துக்கு, என் வாயால் மன்னிப்புக் கேட்டு, வாங்கிக்கொண்டு, ஸஃப்பில் போய் நின்று தொழுதேன்.

மனுஷன் மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன் மன்னித்தால்தான் அல்லாஹ்விடம் தீரும் என்று சின்ன வயசில் ஓதியிருக்கிறேன். அம்மாவும் இல்லை, அவர் சிநேகிதியும் இல்லை. மிச்சம் இருந்தது அந்த மகள் ஒருத்திதான். போன குளிர்காலத்தில் மோட்டார் பஸ் ஏறிப் பேரணாம்பட்டு போனேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. டீ வைத்துக் கொடுத்தாள். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காலாவுக்கு நாங்க வந்து கூப்பிட்டதே தெரியாதா?"

"ஜனாஸா போற வரைக்கும் தெரியாது."

"நான் வாசல்ல நின்னு அவ்ளோ பேச்சுப் பேசினேனே. நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"இப்ப நான் யார்கிட்ட போய் மாஃப் கேக்கறது பாய்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவளையும் நான் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"என் பங்கை மாஃப் பண்றேன், அல்லாஹ்வுக்காக. எங்கிட்ட ரகசியமா சொல்லிட்டுப் போனா காலா பேரு சரியாய்டுமா? பேரைக் கெடுத்தது ஊரு முன்னாடி. உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, எழுதுங்க. டீயக் குடிங்க, ஆறிப்போச்சு."

அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள், முக்கியமாக ஆம்பூரில் வயதானவர்கள் இருக்கிற வீடுகளில். இங்கே எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். கேட்கிறவர்கள் கடைசியில், பெற்ற தாய் ஆயிற்றே, மகனை மன்னித்திருப்பாள் என்று சொல்வார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். அப்படி என் அம்மா என்னிடம் சொல்லவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.