அரிசிப் பெட்டிக்குள் ஒரு லென்ஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நல்ல ஜேர்மன் லென்ஸ் ஒன்றை அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்த மடையன் நான்தான். பிறகு அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டிய மடையனும் நான்தான். இரண்டு மடையர் செய்ய வேண்டிய வேலையை ஒருவனாகவே செய்து முடித்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அரியாலையில், கடலேரிக் காற்று நேராக வந்து முகத்தில் உப்புத் தடவும் ஒரு வீட்டில், நானும் மனைவியும் குடியிருந்தோம். கலியாணமாகி நாலு வருசம். பிள்ளை இல்லை. என்னிடம் ஒரு கமரா இருந்தது. கந்தோரில் இருந்தவர் ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது. படம் பிடிக்கும் லென்ஸின் ஊடாகவே நாமும் பார்க்கலாம். வேண்டுமானால் அந்த லென்ஸைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். அதில் இருந்ததோ சாதாரண லென்ஸ். ஒருவரின் முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் அவருடைய மூக்கடியில் போய் நிற்க வேண்டும்.

என் மனைவியின் மூக்கடியில் கமராவோடு போய் நிற்க முடியாது. கூட்டமாகப் படம் எடுத்தால் வருவாள். வந்து, யாராவது ஒரு பருத்த சித்தப்பாவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். எங்கள் கலியாணப் படத்தில்கூட நாடி நெஞ்சில் முட்டக் குனிந்திருக்கிறாள்; உச்சி வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும். பக்கத்தில் நான் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தனியாகப் படம் எடுக்க அவள் மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று, இறந்தவரின் படத்தை முகப்பில் போட்டு, அவருடைய வரலாற்றையும் புலம்பல் பாட்டுகளையும் உள்ளே வைத்து ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர்.

"தனியா நிண்டு எடுத்த படம் கல்வெட்டுக்குத்தான் போகும்" என்பாள். "எங்கடை சின்னம்மா ஆசைப்பட்டு ஒண்டு எடுத்தவ. மூண்டாம் மாசம் அது முகப்பிலை வந்துது."

"அப்ப நானும் பக்கத்திலை நிக்கிறன். பிறகு என்னை வெட்டிவிடுவம்."

"உங்களை வெட்டுறதுக்குப் படம் எதுக்கு? கத்தி அடுப்படியிலை கிடக்கு."

இப்படியே நாலு வருசம் போனது. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் முன்னால் போய்ப் பார்க்கலாமே, படம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்போது பதில் தெரியாது. வேண்டாம் என்றதை எடுத்துக் காட்ட வேண்டும் என்ற குறும்புதான் முக்கால்வாசி. மீதியை நான் அப்போது யோசிக்கவில்லை.

கந்தோருக்கு வரும் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில், நீளமான லென்ஸைப் பூட்டினால் முப்பதடி தள்ளி நின்று ஆளுக்குத் தெரியாமலே முகத்தை எடுக்கலாம் என்று படித்தேன். கடைகளில் கேட்டேன். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். பிறகுதான் தொண்டைமானாற்றில் ஒரு கப்பல்காரர் லீவில் வந்திருப்பதாகவும் அவரிடம் அப்படி ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய பெனியனில் சுற்றிய ஒன்றை எடுத்தார். வெள்ளி நிறம். சாண் நீளம். கனமென்றால் அம்மிக்குழவிக் கனம்.

"பழசுதான் தம்பி. ஆனா கண்ணாடியிலை ஒரு கீறல் காட்டும் பாப்பம்."

காட்ட முடியவில்லை. அவர் என் கமராவில் அதைப் பூட்டி, முன்னால் இருந்த இரண்டு வளையங்களையும் காட்டினார். "இதை முழுக்கத் திறந்து வைச்சு, மற்றதாலை துலக்கும். ஆள் துலக்கமாத் தெரிஞ்ச உடனை முதல் வளையத்தைத் திரும்ப மூடும். பிறகுதான் அமத்த வேணும். மூட மறந்தீரோ, படம் முழுக்க வெள்ளை."

"தெரியும், தெரியும்" என்றேன். ஒன்றும் தெரியாது.

"ஈரம் படாமல் வையும். உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சுதெண்டால் கண்ணாடி போச்சு."

கலியாணத்துக்கு மாமி வீட்டார் போட்ட கைமணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லென்ஸோடு வீடு வந்தேன். மனைவி என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"மணிக்கூடு எங்கை?"

"அது நேரத்தைத்தானே காட்டும். இது தூரத்தைக் காட்டும். கடலேரியிலை நாரை எடுக்கப் போறன்."

"அம்மா கேட்டா நீங்களே தூரத்தைக் காட்டுங்கோ."

பூஞ்சணம் என்ற சொல் என் தலைக்குள் பூத்துவிட்டது. அரியாலைக் காற்றில் உப்புப் போத்தலே அழும். எங்கள் வீட்டில் ஈரமே அண்டாத இடம் எது? அரிசிப் பெட்டி. காணி உறுதியையும் தன் இரண்டு சோடிக் காப்பையும் மனைவி அதற்குள்தான் வைத்திருந்தாள். லென்ஸை ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி, காப்புக்குப் பக்கத்தில் புதைத்தேன். இவ்வளவு புத்திசாலித்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பெருமையாகவும் இருந்தது.

வீட்டிலே குற்றிய அரிசி. ஒரு மாதம் கழித்து எடுத்தபோது லென்ஸின் வளையங்கள் தவிட்டில் கறகறவென்றன. மனைவி அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை நாரை உள்ளுக்கை நடக்குது."

ஓர் அரிசி வண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, பெரிய மைதானத்தில் உலாப் போவதுபோல நடந்துகொண்டிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து, கவராயத்தின் கூர்களை வளையப் பள்ளங்களில் கொடுத்துத் திருகி, லென்ஸைக் கழற்றினேன். கண்ணாடிகளைப் பேப்பரில் வரிசையாக வைத்தேன். வண்டுக்கு விடுதலை. வேட்டித் தலைப்பால் எல்லாவற்றையும் துடைத்தேன்.

"எது முன்னுக்கு, எது பின்னுக்கு எண்டு எழுதி வையுங்கோ" என்றாள்.

"நாள் முழுக்கக் கந்தோரிலை எழுதுறன். வீட்டிலையுமோ?"

பூட்டும்போது முன்கண்ணாடி ஒன்று எந்தப் பக்கம் புடைத்திருந்தது என்பதில் எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தது. என் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஒரு பக்கத்தை முடிவு செய்து பூட்டினேன். கமராவில் போட்டுப் பார்த்தேன். நடுவிலே எல்லாம் வெட்டினதுபோலத் துலக்கம். ஓரங்கள் மட்டும் தண்ணீரில் கரைந்ததுபோல உருகி வழிந்தன. "ஆகா, பழைய லென்ஸின் அழகே இதுதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பனங்கிழங்குக் காலம். ஒரு பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்து, கிழித்த கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கப் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடி வேலிக்குப் பின்னால் கமராவோடு குந்தியிருந்தேன். எங்கள் மறி ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாயின் ஓரத்தில் நின்று ஒரு கிழங்கைக் கவ்வியது. துரத்துவாள் என்று பார்த்தேன். துரத்தவில்லை. முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்து, "உன்ரை வாயும் அவரின்ரை வாயும் ஒண்டு, ஒரு நேரம் சும்மா இராது" என்று சொல்லிவிட்டு, தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தாள்.

வளையத்தைத் திறந்தேன், துலக்கினேன், மூடினேன். கப்பல்காரர் சொன்னபடி எல்லாமே சரி. முக்கியமான ஆளை நடுவில் வைக்கக் கூடாது, ஓரமாக வைத்தால்தான் கலை என்று அந்தச் சஞ்சிகை சொல்லியிருந்தது. அதையும் கேட்டேன். அவளை ஓரத்துக்குத் தள்ளினேன். நடுவில் ஆடு வந்தது. அமத்தினேன்.

"இஞ்சேருங்கோ, அங்கை என்ன சத்தம்?"

"நாரை."

"நாரை உப்பிடிக் கத்தாது" என்றாள். கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீண்டும் கிழங்கைப் பரப்பத் தொடங்கினாள்.

ஃபிலிம் கிடைப்பது அருமை. ஒரு சுருள் முடியாமல் கழுவக் கொடுக்க மனம் வராது. பதினொரு படம் மிச்சமிருந்தது. நாரைக்கென்று வைத்திருந்தேன்.

அந்தப் பதினொன்றும் முடியுமுன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்புக்காய்ச்சல் என்றார்கள். ஆசுபத்திரியில் ஒன்பது நாள். கடைசி இரண்டு நாளும் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சிரிக்கட்டும் என்று ஒரு பகிடிகூட விட்டுப் பார்த்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

எனக்கு மூடநம்பிக்கைகள் கிடையாது. ஆனாலும் செத்தவீட்டில் ஆட்கள் வந்து கையைப் பிடிக்கும்போதெல்லாம் வேலிக்குப் பின்னால் நான் குந்தியிருந்ததுதான் நினைவுக்கு வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

மாமி வந்து வீட்டில் தங்கினார். கல்வெட்டு அடிக்க அச்சுக்கூடத்தில் படம் கேட்டார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். சுருளில் மிச்சத்தை வெறுமையாகவே சுற்றி முடித்து, பட்டினத்து ஸ்டூடியோவில் கொடுத்தேன். அங்கே புதிதாக வந்திருந்த பெடியனுக்கு என்னையும் தெரியாது, என் வீட்டு விசயமும் தெரியாது. மறுநாள் போனபோது அவன் பெரிதாக அடித்த படத்தோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அண்ணை, என்ன ஆடு அண்ணை! மயிர் எண்ணலாம். தாடியிலை ஒட்டின மண்கூடத் தெரியுது. போட்டிக்கு அனுப்புங்கோ, ஆட்டுக்குப் பரிசு நிச்சயம்."

பார்த்தேன். ஆடு கிழங்கைக் கவ்விக்கொண்டு நேராக என்னைப் பார்த்தது. ஓரத்தில், ஈரத்துணியால் துடைத்ததுபோல, சேலை கட்டிய ஒரு கலங்கல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை இழுவை.

"ஓரத்திலை நிக்கிற மனிசி ஆர் அண்ணை? அவவை வெட்டிவிட்டா படம் இன்னும் எடுப்பா இருக்கும்."

நான் சிரித்தேன். உண்மையாகவே சத்தம் போட்டுச் சிரித்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு என் தோளில் தொங்கிய கமராவிலிருந்த லென்ஸைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆரோ ஒரு விசரன் முன்கண்ணாடியைப் புறத்தாலை திருப்பிப் போட்டிருக்கிறான்."

"ஓம்" என்றேன். "எனக்கு அவனைத் தெரியும்."

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை உழக்கினேன். அந்தப் பின்னேரத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். சிரிப்புக் கேட்டது. முழங்காலில் ஊன்றிய கை தெரிந்தது. முகத்துக்கு வந்ததும் அந்த வெள்ளை இழுவைதான் வந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், சைக்கிளில் போகிறவன் செய்யக் கூடாத வேலை. மறுபடியும் இழுவைதான். எனக்குப் பயம் பிடித்தது. வேறு எங்காவது, யாரிடமாவது, பள்ளிக்கூட நாளிலாவது எடுத்த ஒரு படம் இருந்தாக வேண்டும்.

வீட்டுக்குள் போனபோது மாமி மகளின் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமி, அவவின்ரை முகம் தெரியிற படம் ஒண்டு, சின்ன வயசிலை எடுத்ததெண்டாலும் பரவாயில்லை, உங்கடை வீட்டிலை கிடக்கோ? ஒருக்கா பாக்க வேணும்."

மாமி தலையை நிமிர்த்தாமலே அடுத்த சேலையை எடுத்து உதறினார்.

"ஏன் தம்பி, உங்களுக்கு அதுக்குள்ளை முகம் மறந்து போச்சோ?"