ஊதாச் சட்டையில் போன இண்டர்வியூ

"நல்ல தோற்றம் உள்ளவர்கள் தேவை" என்று வேலை விளம்பரம் போடுகிறவர்கள், யார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் சண்டைக்கு வரலாம். நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல், ரிசப்ஷன் வேலை. போட்டுப் போன சட்டையின் கஞ்சி வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... ஊதா நிறம். வெளிச்சம் பட்டால் மினுங்கும். காலரில் வெள்ளி நூல் வேலைப்பாடு.

தீபாவளிச் சட்டை.

நம்ம வீடுகளில் "நல்ல சட்டை" என்றால் அது ஒன்றுதான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நிறத்தில் எடுப்பார்கள். அதிலும் ஒரு சைஸ் பெரிசு. "அடுத்த வருஷமும் போடலாம்" என்பார் அம்மா. பிறகு அது பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். கோயில், கல்யாணம், இண்டர்வியூ... எல்லாவற்றுக்கும் அதுதான் வெளியே வரும்.

இண்டர்வியூ எடுத்த எச்.ஆர். மேனேஜர் நம்ம ஆள்தான், தமிழர். சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குத் தம்பி கல்யாணம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் எனக்கு என் மேல் இருக்கிற கோபம் அதுதான்.

இங்கிலீஷ், மலாய் இரண்டிலும் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. வேலை கொடுத்தார்கள்... பேஸ்மென்ட் லாண்ட்ரியில்.

"முன்னால நிக்கறதுக்கு ஒரு லுக் வேணும் தம்பி. கீழ கொஞ்ச நாள் இருங்க, அப்புறம் பாப்போம்."

கீழே ஜெசிந்தா இருந்தாள். என் வயதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவாள். கெஸ்ட் உடுப்புகளுக்கு நம்பர் குத்துவது நான், அயர்ன் போடுவது அவள்.

மேல் மாடி சூட் ரூமில் ஒருவர் மூன்று வாரம் தங்கியிருந்தார். அவருடைய லாண்ட்ரிப் பையில் தினமும் என்ன வருகிறது என்று கவனித்தேன். வெள்ளைச் சட்டை மூன்று, வெளிர்நீலம் இரண்டு, நேவி பேண்ட் ஒன்று, சாம்பல் பேண்ட் ஒன்று. மாறி மாறி அதேதான்.

"இவ்ளோ பெரிய ரூம் எடுத்தவரு, இவ்ளோதான் உடுப்பா?"

"உன்கிட்ட எத்தன இருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"முப்பது இருக்கும்."

"அதுல மேல ரிசப்ஷனுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி எத்தன?"

யோசித்தேன். "ஒண்ணுகூட இல்ல."

"முப்பது சட்ட வெச்சிருந்தும் ஒரு சட்ட இல்லாதவன் லா நீ."

அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோள் தையல் சரியாகத் தோள் முனையில் நிற்கிறது. எந்தச் சட்டையும் எந்தப் பேண்டோடும் சேர்கிறது. எதுவும் கத்தவில்லை. பணக்காரர்களிடம் இருந்தது ரசனை இல்லை, தகவல். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

லீவு நாளில் பண்டல் கடைக்குப் போவேன். வெளிநாட்டுப் பழைய உடுப்புகள் மூட்டை மூட்டையாக வந்து குவியும் இடம். உள்ளே போனாலே தும்மல் வரும். முதலில் தோள் பார்ப்பேன், பிறகு காலர் தேய்மானம், பிறகு அக்குள் தையல். நிறம் கடைசி. நாற்பது சட்டை போட்டுப் பார்த்தால் ஒன்று தேறும். பக்கவாட்டைப் பிடித்து, கை நீளத்தைக் குறைத்துத் தருவாள் ஜெசிந்தா. கூலி, ரோட்டோரக் கடையில் ஒரு தட்டு பசெம்போர் சாலட்.

ஒரு வருஷத்தில் ஏழு உருப்படி சேர்ந்தது. வெள்ளைச் சட்டை இரண்டு, வெளிர்நீலம் ஒன்று, பேண்ட் இரண்டு, கருநீலக் கோட்டு, கறுப்பு ஷூ. இருட்டில் கையை விட்டு எடுத்துப் போட்டாலும் சேரும்.

அப்பா பார்த்துவிட்டு, "என்னடா, இன்ஷூரன்ஸ் விக்கப் போறியா?" என்றார்.

ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது. மேலே போனேன். சந்திரன் நிமிர்ந்து பார்த்து, "யெஸ் சார்?" என்றார். அடையாளம் தெரியவில்லை. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது.

சேர்ந்த அன்றே டைலர் வந்து அளவெடுத்தார். கோட்டு, பேண்ட், டை, மூன்று சட்டை... எல்லாம் ஹோட்டலே தைத்துக் கொடுத்தது. என் சொந்தச் சட்டையை ஒரு நாள்கூட அந்தக் கவுண்டரில் போடவில்லை. கீழே போய்ச் சொன்னபோது ஜெசிந்தா அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ உன்ன ஒரு வருஷம் இங்க எதுக்கு வெச்சாங்க?"

இப்போது நான் அங்கே உதவி மேனேஜர். அலமாரியில் பன்னிரண்டு உருப்படி, அதற்கு மேல் தேவையில்லை. என் கறுப்புக்குக் கடுகு மஞ்சள் எப்படி எடுக்கும் என்று எனக்குத் தெரியும், போடுவேன். அன்றைக்கு உள்ளே விடுவார்களா என்று பயந்து உடுத்தினேன். இன்றைக்கு எனக்குப் பிடித்து உடுத்துகிறேன். அந்த வித்தியாசம் நன்றாகத்தான் இருக்கிறது... எனக்கு மட்டும்.

போன வாரம் இண்டர்வியூ. சந்திரனும் நானும் பக்கத்தில் பக்கத்தில். தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மூன்று மொழி, கணீரென்ற பதில். சிவப்புச் சுடிதார், ஓரமெல்லாம் ஜரிகை. அவள் கதவைச் சாத்தியதும் சந்திரன் ஃபார்மில் "தோற்றம் பொருந்தாது" என்று எழுதினார்.

"சார், அவங்க கவுண்டர்ல போடப் போறது நாம தைச்சுக் குடுக்கற யூனிஃபார்ம். உடுப்பப் பாத்தா வேணாங்கறீங்க, அவங்க வந்த வீட்டப் பாத்தா?"

அவர் பேனாவை மூடினார். ஃபார்மை அவர் பக்கம் தள்ளினேன்.

"உண்மையான காரணத்த எழுதுங்க சார். எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க."